திருடுபோன உரிமத் துப்பாக்கியும் நம்ப மறுக்கும் காவல் நிலையமும்

மலையடிவாரத் தோட்ட வீட்டில் இருந்த, பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி, நீங்கள் குடும்பத்தோடு உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்த நாட்களில் திருடுபோயிருக்கிறது. எழுபது வயதைக் கடந்த உங்கள் தந்தையார் புகார் கொடுக்கச் சென்றபோது, யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில், புகார் மனு பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, ‘தொலைந்துவிட்டது’ என்று மாற்றி எழுதிக்கொண்டு வரும்படி அனுப்பியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர் பதிய வைப்பது எப்படி என்பதே நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அஞ்சுவது, நடந்ததை நடந்தபடி சொல்லப் போய் அப்பாவே குற்றவாளியாக நிற்க நேருமோ, பேசாமல் அவர்கள் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை அடங்கிவிடுமோ என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: எழுதிக் கொடுக்காதீர்கள். திருட்டைத் திருட்டு என்றே எழுதுவதுதான் உங்கள் தந்தையாருக்கு இருக்கும் ஒரே உறுதியான பாதுகாப்பு.

நான் வழக்கறிஞன் அல்லன். காவல் நிலையப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி காணாமல் போன புகார்களை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வாங்கியவன். ஆகவே காவல் நிலையம் எப்படி யோசிக்கும், எந்தக் காகிதம் எங்கே போகும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உரிமம் தப்புமா, ரத்தாகுமா என்பது மாவட்ட நிர்வாகத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது; உங்கள் தந்தையாரின் உரிமத்தையும் அதன் நிபந்தனைகளையும் பார்க்காமல் அதை யாரும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

அவர்கள் ஏன் நம்பவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியும், புகாரும் கூர்மையாகும். மலையடிவார நிலையங்களில் உரிமத் துப்பாக்கி ‘காணவில்லை’ என்று வந்தால், அதிகாரியின் மனத்தில் முதலில் எழும் சந்தேகம் வேட்டை. காட்டுப்பன்றி அடிக்கவோ மான் அடிக்கவோ யாரோ இரவல் வாங்கிப் போய், வனத்துறையிடம் சிக்கும் நிலையில் துப்பாக்கியை எங்கேயோ போட்டுவிட்டு வந்திருப்பார்கள்; உரிமதாரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திருட்டு என்று சொல்வார். இரண்டாவது சந்தேகம் விற்பனை. மூன்றாவது, நிலத் தகராறோ குடிப்பழக்கமோ உள்ள குடும்பங்களில் வீட்டு ஆளே எடுத்து ஒளித்து வைப்பது. இவை மூன்றும் நடக்கக்கூடியவைதான். போதாக்குறைக்கு, தேர்தல் அறிவிப்பு வந்து உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நேரத்திலோ, உரிமம் புதுப்பிக்க வேண்டிய நேரத்திலோ திருட்டுப் புகார் வந்தால், ஒப்படைக்கவும் காட்டவும் துப்பாக்கி கையில் இல்லாததால்தான் இந்தக் கதை என்று எண்ணுவது காவலரின் இயல்பு. கேள்வி கேட்பது அவர்கள் கடமை. அதில் குறை காண மாட்டேன்.

ஆனால் சந்தேகத்துக்குப் பின்னால் வேறொரு காரணமும் இருக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துப்பாக்கித் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர் போட்டால் தகவல் அன்றே எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும். கைரேகை நிபுணர், மோப்ப நாய், தனிப்படை என்று வேலை தொடங்கும். கண்டுபிடிக்கும் வரையில் ஒவ்வொரு குற்ற ஆய்வுக் கூட்டத்திலும் அந்த நிலைய அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். ‘தொலைந்துவிட்டது’ என்று ஒரு மனுவை வாங்கி சி.எஸ்.ஆர் போட்டுவிட்டால் இவை எதுவும் இல்லை. சந்தேகப்படுவது வேறு, சந்தேகத்தைக் காரணம் காட்டிப் பதிய மறுப்பது வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னதை ஏற்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததைப் புகார் காட்டுமானால் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. புகார் உண்மையா பொய்யா என்பது பதிந்த பிறகு விசாரணையில் தெரிய வேண்டியது. பதிவதற்கான நிபந்தனை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தோட்டம் ஒரு நிலைய எல்லையிலும் ஊர் இன்னொரு நிலைய எல்லையிலும் இருக்கும் மலைப்பகுதிகளில் இது மிகவும் பயன்படும்.

அதே 173ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் காட்டி, முதலில் பூர்வாங்க விசாரணை செய்கிறோம் என்று சொல்லக்கூடும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும், டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் முடிக்கவும் வேண்டும். வெட்டவெளியில் நடக்கும் சாதாரணத் திருட்டு அந்த வரம்புக்குள் வரலாம். ஆனால் குடியிருக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 305ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரியது. நான் வாசித்துப் புரிந்துகொண்ட அளவில் அது இந்த விதிவிலக்குக்குள் வராது. இன்னொரு சாக்கும் வரலாம்: ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் புலனாய்வு செய்ய முடியாத குற்றமாகப் புதிய சட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு என்ன விலை பெறும் என்று கேட்பார்கள். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு அந்த விலைக் கணக்கு இல்லை. அதோடு, உரிமம் இல்லாத ஒருவர் கையில் துப்பாக்கி போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி தனிக் குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்கவை. ஆகவே புகாரில் திருட்டோடு இதையும் ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

‘தொலைந்துவிட்டது’ என்ற சொல்லுக்கு நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்றால், அந்தச் சொல் பழியை இடம் மாற்றிவிடும். திருட்டில் குற்றம் செய்தவன் இன்னொருவன். தொலைத்தல் என்று எழுதினால் அதில் இன்னொருவன் இல்லை. கவனக்குறைவாக இருந்தவர் உரிமதாரர் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். நாளைக்கு உரிமத்தை ரத்து செய்ய நோட்டீஸ் வரும்போது அந்தக் காகிதமே முதல் ஆதாரமாக நிற்கும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அந்தத் துப்பாக்கி ஒரு கொள்ளையிலோ கொலையிலோ பயன்படுத்தப்பட்டால், முதலில் தொலைந்தது என்றீர்களே, இப்போது ஏன் திருட்டு என்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் தந்தையாரிடம் பதில் இருக்காது. சி.எஸ்.ஆர் ரசீது புகார் பெறப்பட்ட தேதிக்குச் சான்று. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக்கொண்டு புலனாய்வு நடக்காது. குற்ற எண் இல்லாததால், வேறொரு மாவட்டத்தில் ஒரு துப்பாக்கியைப் பிடிக்கும் நிலையம் அது உங்களுடையது என்று கண்டுகொள்ளும் வழியும் மிகக் குறைவு. கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்கள் தொலைந்தால் இணையத்தில் பதிந்து சான்று பெறும் வசதியைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது ஆவணங்களுக்கானது, ஆயுதத்துக்கு அல்ல.

இப்போது புகாரைப் புதிதாக எழுதுங்கள். தந்தையார் பெயரில், அவர் கையெழுத்தில் இருக்கட்டும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே புகார்தாரராக இருப்பது நல்லது. துப்பாக்கியின் வகை, குழலின் விட்ட அளவு (போர்), தயாரிப்பாளர் பெயர், உலோகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண், உரிம எண், தேசிய உரிமத் தரவுத்தளத்தில் வழங்கப்பட்ட தனி அடையாள எண் (யு.ஐ.என்), உரிமம் செல்லுபடியாகும் தேதி ஆகியவற்றை உரிமப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். எத்தனை தோட்டாக்கள் இருந்தன, எத்தனை போயின என்பதைத் தனியே சொல்லுங்கள். கடைசியாகத் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தது எந்த நாள், எந்த வேளை, வீட்டைப் பூட்டிச் சென்றது எப்போது, திரும்பியது எப்போது, எந்தப் பூட்டு உடைந்திருந்தது, எந்த ஓடு அகற்றப்பட்டிருந்தது, துப்பாக்கி தவிர வேறென்ன போயிற்று, எது போகாமல் இருந்தது, அங்கே துப்பாக்கி இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்பதை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். பணமும் நகையும் அப்படியே இருக்கத் துப்பாக்கி மட்டும் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள். சந்தேகத்தைக் கூட்டுவது போலத் தோன்றினாலும், திருடியவன் வீட்டைப் பற்றி அறிந்தவன் என்பதற்கு அதுவே முதல் தடயம். யாரையாவது சந்தேகித்தால், சந்தேகம் என்ற சொல்லோடும் அதற்கான காரணத்தோடும் மட்டும் எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர் ஏழை என்பதற்காக அவர் பெயரை முதலில் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு பெயர் அந்த மனிதரை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கி தந்தையாரிடம்தான் இருந்தது, விற்கப்படவில்லை என்பதைக் காட்ட உங்களிடம் நல்ல ஆதாரம் ஒன்று இருக்கக்கூடும். 2024 மக்களவைத் தேர்தலின்போது துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்திருந்தால், அதற்கான ரசீதும், தேர்தல் முடிந்து திரும்பப் பெற்ற பதிவும் இருக்கும். பொறிக்கப்பட்ட எண்ணைப் பார்த்துக் காவல் நிலையமே எழுதிக்கொண்ட ஆதாரம் அது. கடைசியாக உரிமம் புதுப்பித்தபோது துப்பாக்கியைக் காட்டிய பதிவு, தோட்டா வாங்கிய கடையின் ரசீது, உரிமப் புத்தகத்தில் அந்தக் கடை செய்த குறிப்பு ஆகியவற்றின் நகல்களையும் புகாரோடு இணையுங்கள். திருமணத்துக்குச் சென்றதற்கான அழைப்பிதழ், பேருந்துச் சீட்டு, படங்கள் இருந்தால் அவற்றையும் இணைக்கலாம்.

பாதகமான உண்மைகளைப் பற்றி ஒரு சொல். துப்பாக்கி இரும்பு அலமாரியில் பூட்டப்படாமல் பரணிலோ கதவுக்குப் பின்னாலோ இருந்திருந்தால், உரிமம் காலாவதியாகியிருந்தால், திருட்டைப் பார்த்த பிறகு அறையைக் கூட்டிப் பெருக்கியிருந்தால், அல்லது உறவினரைக் கேட்டுப் பார்க்க ஒரு நாள் தாமதித்திருந்தால், அதையும் எழுதிவிடுங்கள். துப்பாக்கி களவு போனால் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டியது உரிமதாரரின் கடமை. இவற்றில் குறை இருந்தால் அதற்கான விளைவு வரத்தான் செய்யும். ஆனால் கவனக்குறைவுக்கு வரும் விளைவு ஓர் அளவோடு நிற்கும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தார் என்று நிரூபணமானால் அது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அலமாரி பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு, வந்து பார்ப்பவர் உடையாத பூட்டைக் கண்டால், உண்மையான திருட்டும் அதோடு பொய்யாகிப் போகும்.

புகாரோடு நிலைய இன்ஸ்பெக்டரை நேரில் பாருங்கள். வரவேற்பில் இருப்பவரிடமோ ரைட்டரிடமோ கொடுத்துவிட்டு வர வேண்டாம். அமைதியாக, குற்ற எண் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே அதே புகாரை, நிலையத்தில் மறுக்கப்பட்ட தேதியையும் சேர்த்து எழுதி, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு காட்டும் வழி அது. பல மாவட்டங்களில் புதன்கிழமைகளில் எஸ்.பி. நேரில் மனு வாங்குகிறார், அங்கும் போகலாம். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே எஃப்.ஐ.ஆர் பதிவாகிவிடும், ஏனென்றால் காணாமல் போன துப்பாக்கியை எழுத்தில் அறிந்த பிறகும் பதியாமல் இருந்து, பின்னால் அது குற்றத்தில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டிய நிலையை எந்த எஸ்.பி.யும் விரும்ப மாட்டார். அங்கும் நடக்காவிட்டால் வழக்கறிஞர் மூலம் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் 175ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி மனு செய்யலாம். நேராக உயர் நீதிமன்றம் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள், முதலில் எஸ்.பி., பிறகு நடுவர் என்ற வழிகளைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. பதிய மறுத்த அதிகாரியை உள்ளே தள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தத் தண்டனைப் பிரிவு பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்காக வைக்கப்பட்டது. இங்கே அதைச் சொல்லி மிரட்டினால் உறவு கெடுமே தவிர வேலை நடக்காது.

எஃப்.ஐ.ஆர் பதிந்த பிறகும் கேள்விகள் நிற்காது; ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று நாள் கேட்பார்கள். தந்தையார் ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது. நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்வது பொய் அல்ல. அறுபது வயதைக் கடந்தவரைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. மரியாதையோடு அதைக் கேட்டுப் பெறுங்கள். எழுதாத தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம். அதே சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி நோட்டீஸ் வந்தால், அவர்கள் அவரைச் சந்தேக நபராகப் பார்க்கிறார்கள் என்று பொருள். அந்த நாளிலிருந்து வழக்கறிஞர் இல்லாமல் பேச வேண்டாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, மாநகர எல்லையாக இருந்தால் காவல் ஆணையருக்கு, நீங்களாகவே திருட்டை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். காவல்துறை அறிக்கை போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் கடிதம் கோப்பில் இருப்பது நல்லது. படைக்கலச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம், வராமலும் போகலாம். பூட்டிய இடத்திலிருந்து உடைத்துத் திருடப்பட்டது, உடனே புகார் கொடுக்கப்பட்டது என்ற இரண்டும் நின்றால் உங்கள் பக்கம் வலுவானது. பூட்டாமல் வைத்திருந்தால் முடிவு எந்தப் பக்கமும் போகலாம். பாதகமான உத்தரவு வந்தால் 18ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. காலக்கெடு இருப்பதால் உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். துப்பாக்கி இல்லையே, எதற்கு உரிமம் என்று புதுப்பிக்காமல் விட்டுவிடவும் வேண்டாம். துப்பாக்கி மீட்கப்பட்டால் அது வழக்குச் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போகும். இடைக்காலப் பொறுப்பில் திரும்பக் கேட்கும் நாளில் உரிமம் உயிரோடு இருந்தால்தான் மனு நிற்கும்.

ஊருக்குள் பேச்சு பரவிய பிறகு, எடுத்தவன் பயந்து துப்பாக்கியை வேலி ஓரத்திலோ கிணற்று மேட்டிலோ போட்டுவிட்டுப் போகக்கூடும். அல்லது, திருப்பித் தந்துவிடுகிறோம், புகாரை விட்டுவிடுங்கள் என்று யாராவது தூது வரலாம். இரண்டிலும் அதைத் தொடாதீர்கள், வாங்காதீர்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஆளை நிறுத்திவிட்டு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் தோட்டாக்களை, சம்பவ இடத்துக்கு வரும் அதிகாரி முன்னிலையில் எண்ணிக் காட்டி, சம்பவ இடத்தில் எழுதும் பதிவான மகஜரில் எழுதச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர் நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கைக்கு வந்ததும் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, அதிலுள்ள துப்பாக்கி எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் மீட்கப்படும் துப்பாக்கி உங்களுடையது என்று பொருந்தாமல் போகும். அப்படி இருந்தால் அன்றே திருத்தம் கோரி ஒரு மனு எழுதிக் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.